எல்லை: கழுதை

அலுவலகத்தில் அவளுக்குச் சுளிப்பு என்று பெயர். நேரில் யாரும் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவள் வரும்போது பேச்சு சட்டென்று நின்றுபோவதும், கதவுக்குப் பின்னால் யாரோ மூக்கைச் சுருக்கிக் காட்ட மற்றவர்கள் சிரிப்பதும் அவளுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். தன் முகத்தில் தெரிவதெல்லாம் எதிரில் நிற்பவர்களின் அழகுதான் என்பது அவள் கட்சி.

சுளிக்காமல் என்ன செய்வது? வாசலில் குடிநீர்ப் பரிசோதனை அலுவலகம் என்று பலகை. உள்ளே கை கழுவும் தொட்டியில் எப்போதும் நேற்றைய தேயிலை கிடக்கும். அதன் பக்கத்தில் பதினொரு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு துண்டு. வாங்கும்போது அது என்ன நிறம் என்று வாங்கிய ஆளுக்கே மறந்திருக்கும். கீபோர்டைத் தலைகீழாகத் தட்டினால் விழுவது ஒரு எறும்புக் குடும்பத்துக்கு ஒரு மாதம் காணும். அவளுடைய மேலதிகாரியான கண்காணிப்பாளர் பிஸ்கட்டைத் தேநீரில் முக்குவார். அது பாதி கரைந்து உள்ளே விழும். விரலை விட்டுத் துழாவி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அதே விரலால் ஃபைலைப் புரட்டுவார். இருபத்து மூன்று வருடமாக அவள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பிறந்தது ஒரு கோழிப் பண்ணைக்குப் பின்னால். அப்பாவுக்கு அங்கேதான் வேலை. இரண்டு அறை வீடும் பண்ணைக்காரர் கொடுத்தது. துவைத்துக் காயப்போட்ட துணியிலும் அந்த வாடை, புதுப் புத்தகத்தைப் பிரித்தாலும் அந்த வாடை. பள்ளிக்கூடத்தில் நான்கு பேர் உட்காரும் பெஞ்சில் அவளோடு இரண்டு பேர்தான் உட்கார்ந்தார்கள், அதுவும் டீச்சர் அதட்டி உட்காரவைத்ததால். அங்கேதான் அவளுக்கு எண்கள் பிடித்துப்போயின. எண்ணுக்கு வாடை கிடையாது. ஏழு என்று எழுதினால் அது எந்த வீட்டு ஏழு என்று யாரும் முகர்ந்து பார்க்க முடியாது. புள்ளியியல் படித்தாள், பரீட்சை எழுதினாள், வேலை கிடைத்தது. ஊரே குடிக்கிற தண்ணீரைப் பற்றிய வேலை, ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தொட வேண்டியதில்லை. கிருமிகளெல்லாம் கீழ்த்தளத்து ஆய்வுக்கூடத்தோடு சரி. இரண்டாம் மாடிக்கு வருவது எண்கள் மட்டும்.

கல்யாண விஷயத்தில்தான் விதி அவளைக் கேலி செய்தது. மாப்பிள்ளை பம்ப் மெக்கானிக் என்றார்கள். என்ன பம்ப் என்று யாரும் கேட்கவில்லை. கழிவுநீர் பம்ப். மனுஷன் வேலைவிட்டு வந்ததும் பின்பக்கக் குழாயடியில் இரண்டு சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பார். உள்ளே வந்ததும், பரிசோதனைக்கு வந்திருக்கிறேன் மேடம் என்று இரண்டு கையையும் நீட்டுவார். அவள் சுளித்துக்கொண்டே சிரித்துவிடுவாள். ஊரில் அவளைச் சிரிக்கவைக்கத் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான்.

அவள் எழுதிய புரோகிராமைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. நகரத்துக்குப் பன்னிரண்டு மண்டலம். வாரம் முழுக்கச் சேர்ந்த பரிசோதனை எண்களை அது வாங்கி, மண்டலவாரியாகச் சராசரி போட்டு, எங்கே கிருமி எண்ணிக்கை எல்லையைத் தாண்டியிருக்கிறது என்று பார்த்து, ஒரே ஒரு தாளை அச்சடிக்கும். தாளில் மண்டலத்தின் எண்ணும், பக்கத்தில் ஒரு முடிவும் இருக்கும். எல்லைக்குள் இருந்தால் 'நலம்', தாண்டினால் 'கவனி'. அந்தத் தாள்தான் மேலிடத்துக்குப் போகும், அதைப் பார்த்துத்தான் குளோரின் வண்டி கிளம்பும். பக்கத்தில் ஆள் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய புரோகிராம் இல்லை அது. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி தட்டினால் போதும்: முதலில் புரோகிராமின் பெயர், பின்னால் வாரம், வருடம், எல்லை. அந்த மூன்று பாராமீட்டரையும் வரிசைப்படி வாங்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தால், தாளைத் துப்பும்வரை யாரையும் ஒரு வார்த்தை கேட்காது. வாயே திறக்காத சக ஊழியர் என்று அதன்மேல் அவளுக்குத் தனிப் பிரியம்.

ஆரம்பத்தில் அது அப்படி ஊமையாக இல்லை. எண் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதாவது இருந்தால், புரியவில்லை என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். பதினொரு வருடத்துக்கு முன்னால் அவள் அம்மா வயிற்று ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மேலிடம் பழைய வாரங்களின் தாள்களையும் கேட்டிருந்ததால் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் ஒரு நாளைக்கு நான்கு முறை போன் செய்தார். எல்லையைப் போட மறந்திருப்பார், அல்லது எண்ணுக்குப் பதிலாக மண்டலத்தின் பெயரைப் போட்டிருப்பார். புரோகிராம் நின்றுபோச்சு மேடம் என்பார். அவள் ஒரு கையில் அம்மா வாந்தி எடுத்த கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, நூறு என்று போடுங்கள், நூறு, என்று வராந்தாவில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள். ஐந்தாம் நாள் பொறுக்க முடியாமல் பஸ் பிடித்து அலுவலகம் வந்து, நின்றபடியே இரண்டு வரி சேர்த்தாள். எல்லையின் இடத்தில் இருப்பதை எண்ணாகப் படிக்க முடியாவிட்டால் நூறு என்று எடுத்துக்கொள். யாரையும் கேட்காதே, பேசாமல் ஓடு. அன்றிலிருந்து போன் வரவில்லை. வாழ்க்கையில் செய்த உருப்படியான காரியங்களில் ஒன்று என்று அதை அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இனி பாட்டில்காரர். அவர்தான் குழாய் குழாயாகப் போய்த் தண்ணீர் மாதிரி எடுத்து வருகிறவர். வயது ஐம்பத்தேழு, ஓய்வுக்கு எட்டு மாதம் பாக்கி. ஒரு பழைய மோட்டார் சைக்கிள், பின்னால் கயிற்றால் கட்டிய ஐஸ் பெட்டி, பெட்டிக்குள் நாற்பது பாட்டில். பாட்டில்களைக் கீழே ஆய்வுக்கூடத்தில் இறக்கிவிட்டு, எந்தப் பாட்டில் எந்தக் குழாய் என்று எழுதிய சீட்டைக் கொடுக்கப் பெட்டியோடு இரண்டாம் மாடி ஏறி வருவார். கீழே வைத்தால் களவு போய்விடும் என்று பயம். பெட்டி ஒழுகும். அவள் மேஜைக்கு முன்னால் ஒரு குளமே கட்டிவிடும். மூக்கை உறிஞ்சுவார், சட்டைக் கையால் துடைப்பார், அதே கையால் சீட்டை நீட்டுவார். சீட்டும் ஈரமாக இருக்கும். அவள் தரையில் பழைய செய்தித்தாள் விரித்து, பெட்டியை அதன்மேல்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தாள். அந்த மனிதரைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும். அதை அவள் மறைத்ததும் இல்லை.

இந்த வருடம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: கிருமி எண்ணிக்கைக்கு இதுவரை நூறு என்று இருந்த எல்லை இனி இருபது. கண்காணிப்பாளர் அதைத் தன் கைப்பட ஒரு குறிப்பாக எழுதி ஆபரேட்டருக்கு அனுப்பினார். 'இனி எல்லை=20 என்று இடவும்' என்பது வாசகம். ஆபரேட்டர் அதிகாரி எழுதியதை எழுத்துப் பிசகாமல் செய்கிறவர். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தானாக ஓடும்படி வைத்திருந்த வரியில், இருபது என்று மட்டும் போட வேண்டிய இடத்தில், 'எல்லை=20' என்று முழுசாகப் போட்டார். அந்த வாரம் தாள் வந்தபோது தலைப்பில் 'எல்லை: எல்லை=20' என்று இருந்தது. ஒரே சொல் இரண்டு தடவை வந்திருப்பதைப் பார்த்து அவள் முகத்தைச் சுளித்தாள். என்ன அசிங்கம் இது, பார்க்கச் சகிக்கவில்லை என்று நினைத்தாள். நினைத்துவிட்டு, பன்னிரண்டு மண்டலமும் நலம் என்றிருந்த தாளில் கையெழுத்துப் போட்டாள்.

ஐந்தாவது வாரம் பாட்டில்காரர் சீட்டைக் கொடுத்த பிறகும் போகாமல் நின்றார்.

"மேடம், ஏழாம் மண்டலத்துல தண்ணி ஒரு மாதிரி வாடை வருது. மூணு வாரமா பாக்குறேன்."

"உங்க பெட்டியில வராத வாடையா?" என்றாள் அவள். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் சொன்னாள். பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

ஒன்பதாவது வாரம் ஏழாம் மண்டலத்தில் வீட்டுக்கு வீடு வாந்தியும் பேதியும். நாற்பத்து மூன்று பேர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். வெளியிலிருந்து வேறொரு ஆய்வுக்கூடம் வந்து அதே குழாய்களில் தண்ணீர் பிடித்துப் பார்த்தது. கிருமி எண்ணிக்கை அறுபத்து நான்கு. அலுவலகத்துத் தாளோ ஒன்பது வாரமும் நலம் நலம் என்று ஒப்பித்துக்கொண்டிருந்தது. எப்படி என்று மேலிடம் கேட்டது. கண்காணிப்பாளருக்குப் பதில் தேட ஒரு தேநீர் நேரம்கூடப் பிடிக்கவில்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் வேறொரு ஆள் சோம்பேறித்தனத்தில் எல்லாப் பாட்டிலையும் தன் வீட்டுக் குழாயிலேயே பிடித்துக் கொண்டுவந்து பிடிபட்டிருந்தான். இவரும் அதையே செய்திருப்பார் என்று முடிவு கட்டினார். இதற்குப் புள்ளிவிவரப் பிரிவின் வாக்குமூலம் வேண்டும் என்று அவளிடம் வந்தார்.

அவளை யாரும் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. அதுதான் பின்னால் அவளுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. கேட்ட மாத்திரத்தில் நம்பினாள். அந்த ஒழுகல் பெட்டியும் உறிஞ்சல் மூக்கும் கொண்ட ஆள் வேறு என்ன செய்வான் என்று நினைத்தாள். சந்தோஷம்கூட வந்தது, இத்தனை வருடம் தன் மூக்கு பொய் சொல்லவில்லை என்று. புரோகிராமில் தவறு இல்லை, வந்த மாதிரிகளுக்கு ஏற்ற முடிவுதான் வந்திருக்கிறது, மாதிரிகள் உரிய இடத்தில் எடுக்கப்பட்டவை அல்ல என்று கருத இடமுண்டு. நான்கு வரி, கீழே கையெழுத்து. பாட்டில்காரரை விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அவருடைய பேரும் குற்றமும் போட்ட அறிவிப்பு வாசல் பலகையில் ஏறியது. விசாரணையில் நிரூபணமானால் வேலை போகும், ஓய்வூதியமும் போகும்.

விசாரணை வெள்ளிக்கிழமை என்றார்கள். புதன்கிழமை மத்தியானம் கண்காணிப்பாளர் ஒரு வேலை சொன்னார்: ஏழாம் மண்டலத்துப் பாட்டில்களில் இருந்த கிருமி எண்ணிக்கையை வாரவாரியாகப் பட்டியல் போட்டுக் கொடுங்கள், எல்லாம் இரண்டு மூன்று என்று இருக்கும், வீட்டுத் தண்ணீர் என்பதற்கு அதுவே சாட்சி. அவளும் அப்படித்தான் நினைத்து உட்கார்ந்தாள். முடிவுத் தாளை மட்டுமே பார்த்துப் பழகியவள், பல மாதங்களுக்குப் பிறகு முதல்முறையாக அந்த எண்களையே திறந்தாள். முப்பத்தெட்டு. நாற்பத்தைந்து. ஐம்பத்தெட்டு. அறுபத்தொன்று. அறுபத்து மூன்று.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பாட்டில்காரர் போக வேண்டிய குழாய்க்குத்தான் போயிருக்கிறார். அழுக்குத் தண்ணீரை அழுக்குத் தண்ணீராகவே கொண்டுவந்திருக்கிறார். கீழ்த்தளத்துப் பெண்கள் அதை ஒழுங்காக எண்ணி எழுதியிருக்கிறார்கள். அறுபத்தொன்று என்பது இருபதைத் தாண்டியதா இல்லையா என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். அவள் புரோகிராம் நலம் என்று சொல்லியிருக்கிறது.

காரணம் கிடைக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எல்லையின் இடத்தில் 'எல்லை=20' என்ற சொல் வந்திருக்கிறது. அது எண் அல்ல. எண்ணாகப் படிக்க முடியாவிட்டால் நூறு என்று எடுத்துக்கொள், பேசாமல் ஓடு என்று அவளே சொல்லிவைத்திருக்கிறாள். அது சொன்ன பேச்சைத் தட்டாமல் ஒன்பது வாரம் நூறை வைத்துக் கணக்குப் பார்த்திருக்கிறது. தாளின் தலைப்பில் மட்டும், தட்டிய சொல்லை அப்படியே அச்சடித்திருக்கிறது. அந்த வரியை எழுதியதும் அவள்தான். தலையில் இருபது, வயிற்றில் நூறு. பார்க்கிறவர்கள் எல்லாரும் தலையைப் பார்த்து நம்பியிருக்கிறார்கள். அவள் எழுந்து போய் அந்தத் தேயிலைத் தொட்டியில் வாந்தி எடுத்தாள். வாயை அந்தத் துண்டிலேயே துடைத்துக்கொண்டாள். அதைவிட அசிங்கமாகத் தான் இருப்பதாகத் தோன்றியது.

எல்லையை வெறும் இருபது என்று தட்டி மறுபடி ஓட்டினாள். ஏழோடு பதினொன்றும் கவனி என்று வந்தது. தாளை எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளரிடம் போனாள்.

அவர் ஆடிப்போவார் என்று எதிர்பார்த்தாள். அவர் பிஸ்கட்டை முக்கியபடியே முழுசாகக் கேட்டார். பதினொன்றுக்கு இன்றைக்கே குளோரின் வண்டியை அனுப்பிவிடலாம் என்று போனை எடுத்து உடனே ஏற்பாடும் செய்தார். அதில் குறை சொல்ல முடியாது. ஆபரேட்டரைக் கூப்பிட்டு வரியைத் திருத்தச் சொன்னார். அவள் அந்த இரண்டு வரியையும் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்றார். பாட்டில்காரர் விஷயம் என்று அவள் ஆரம்பித்தாள்.

"விடுங்கம்மா. எட்டு மாசத்துல போகப்போறவர். அவர் தலையில போட்டா ஒருத்தரோட போகும். உங்க புரோகிராம்னு சொன்னா நீங்க, நான், ஆபரேட்டர் எல்லாரும் வரிசையா நிக்கணும். ஓய்வூதியத்துக்கு நான் மேல பேசி ஏதாவது பண்றேன்."

சொல்லிவிட்டுக் கரைந்து விழுந்த துண்டை விரலால் துழாவினார். அந்தக் குறிப்பு அவர் கையெழுத்தில் இருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள். அந்தச் சோற்றைப் பிசையத் தன் கையையும் கேட்பார்கள் என்று நினைத்ததில்லை. யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். யோசிக்கிறேன் என்று சொன்னதற்காக வழியெல்லாம் தன்னையே காறித் துப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

புருஷன் அன்றைக்கும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார். அவள் சிரிக்கவில்லை. என்ன என்று கேட்டார். சொன்னாள். புரோகிராம், பாராமீட்டர் எல்லாம் அவருக்குப் பாதிதான் புரிந்தது; பாட்டில்காரர் முழுசாகப் புரிந்தார்.

"வேலை போயிடுமா?" என்றார்.

"போகலாம். இல்லன்னா இன்கிரிமென்ட் வெட்டி ஸ்டோர் ரூம்ல போடுவாங்க."

அவர் துண்டால் தலையைத் துவட்டி, அதைக் கொடியில் போட்டார். பிறகு சொன்னார்: "எங்க வேலையில மூடி போட்டு இறுக்குனா உள்ள விஷவாயு கட்டி ஆளையே அடிச்சிடும். தொறந்துவிட்டா ஊரே திட்டும், ஆனா ஆள் பொழச்சுக்குவான். நீ படிச்சவ. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அவளுக்கு அந்த உபமானம்கூடக் குமட்டியது. ஆனாலும் வியாழக்கிழமை முழுவதும் அது அவளை விடவில்லை. எடுக்கச் சொன்ன இரண்டு வரியையும் அவள் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவைத்தாள்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள்: ஒரு பொறியாளர், ஒரு வக்கீல், ஒரு பெண் மருத்துவர். பாட்டில்காரர் வெளுத்த சட்டை போட்டு, பெட்டி இல்லாமல், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பெட்டி இல்லாமல் அவரைப் பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. கண்காணிப்பாளர் அவளுடைய நான்கு வரியைப் படித்துக் காட்டினார். மருத்துவர் அவள் பக்கம் திரும்பி, இதில் மாற்றம் ஏதும் இல்லையே என்று ஒரு மரியாதைக்குக் கேட்டார்.

இருக்கிறது என்றாள். எழுதிக்கொண்டு வந்ததைப் படிக்கத்தான் எண்ணியிருந்தாள். ஆனால் பொறியாளர் கடிகாரத்தைப் பார்ப்பதையும், வக்கீல் கொட்டாவியை விழுங்குவதையும், கண்காணிப்பாளர் ஒரு பக்கமாகத் தலையை ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்று சைகை செய்வதையும் பார்த்ததும் அவளுக்குச் சீ என்று ஆகிவிட்டது. பாராமீட்டரை விளக்கினால் இவர்களுக்கு ஏறாது, கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நினைத்தாள். நினைத்த உடனேயே வழியும் தெரிந்துவிட்டது. மூலையிலிருந்த கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எல்லாரையும் எழுந்து வந்து பார்க்கச் சொன்னாள். கறுப்புத் திரையில் புரோகிராமின் பெயர், ஒன்பதாம் வாரம், வருடம். எல்லையின் இடத்தில் கழுதை என்று தட்டினாள்.

"மேடம், என்ன இது?" என்றார் வக்கீல்.

"பாருங்க, சார்."

அது நிற்கவில்லை, புரியவில்லை என்று சொல்லவில்லை, யாரையும் எதுவும் கேட்கவில்லை. பிரின்டர் இருமிவிட்டுத் தாளைத் தள்ளியது. அவள் அதை எடுத்து மருத்துவரிடம் நீட்டினாள். தலைப்பில் 'எல்லை: கழுதை'. கீழே ஒன்றாம் மண்டலம் நலம், இரண்டாம் மண்டலம் நலம், ஏழாம் மண்டலம் நலம்.

பொறியாளர் முதலில் சிரித்தார். மருத்துவர் சிரிக்கவில்லை. நாற்பத்து மூன்று பேரில் பாதிப் பேருக்கு ஊசி போட்டவர் அவர்.

"இப்படி எத்தனை வாரமா ஓடுது?"

"ஒன்பது."

"இதை எழுதினது யாரு?"

"நான். குறிப்பை யாரு எழுதினாங்கங்கறது அந்த ஃபைல்ல இருக்கு. ஆனா தப்பா வந்தா நின்னு சொல்ல வேண்டியது என் புரோகிராம். அது வாயை நான்தான் அடைச்சேன். இவர் கொண்டுவந்த பாட்டில் ஒண்ணுகூடப் பொய் இல்ல. வாடை வருதுன்னு என்கிட்ட வந்து சொன்னாரு. அவரைத்தான் நான் கிண்டல் பண்ணேன்."

பிறகு நடந்தது கடகடவென்று நடந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று இருந்தது மாறி, இரண்டும் ஓரிடத்துக்கு வந்து சேர்ந்தது. பாட்டில்காரர்மேல் குற்றம் இல்லை என்று அங்கேயே எழுதினார்கள். அவளுக்குக் குற்றக் குறிப்பாணை. அடுத்த உத்தரவு வரை ஸ்டோர் ரூம். கண்காணிப்பாளரிடம் விளக்கம் கேட்டார்கள். அவர் அன்றிலிருந்து அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அதை அவள் ஒரு தண்டனையாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெளியே வந்தபோது பாட்டில்காரர் வாசல் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் பேர் போட்ட அறிவிப்பு இன்னும் அங்கேயே இருந்தது. திங்கட்கிழமை எடுத்துவிடுவார்களாம். அவள் அதைக் கிழித்தெடுத்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவர் கேட்க நிற்கவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும் மேடம். எங்க வீட்டுக்கு வந்து சொல்லணும். தாள் காட்டுனா நம்ப மாட்டாங்க. எழுதிக் குடுத்தது நீங்கதானே, நீங்களே வந்து சொல்லுங்க." அவள் கையிலிருந்த அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "என் மருமகளோட அம்மா ஏழாம் மண்டலம். எட்டு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. அன்னையிலேருந்து என் கையால ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேங்குது அந்தப் பொண்ணு. நான் தொட்ட குடத்தைக்கூடக் கவுத்து ஊத்திட்டு வேற புடிக்குது."

அன்று சாயங்காலமே போனாள். குறுகலான படி, மூன்றாவது மாடி, இரண்டு அறை. அவள் நினைத்திருந்ததற்கு மாறாக வீடு துடைத்துவைத்ததுபோல் இருந்தது. ஐஸ் பெட்டியைக் கழுவிப் பால்கனியில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மகன் வேலைக்குப் போயிருந்தான். மருமகள் அடுக்களை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், உட்காரச் சொல்லவில்லை. வந்தவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், புரோகிராமையும் அந்த இரண்டு வரியையும் தான் எழுதிக் கொடுத்த நான்கு வரியையும். விசாரணையில் சொன்னதைவிட இங்கே சொல்வது கஷ்டமாக இருந்தது. அங்கே கேட்டவர்கள் அதிகாரிகள்.

பாட்டில்காரர் குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து வந்து அவளிடம் நீட்டினார். அவர் விருந்தாளிக்குக் கொடுத்தாரா, மருமகள் பார்க்கட்டும் என்று கொடுத்தாரா, தெரியவில்லை. அவள் வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

மருமகள் அதுவரை பொறுத்திருந்து கேட்டாள்:

"அப்போ எங்க அம்மா அப்படிக் கிடந்தது உங்களாலதானா?"

"ஆமா."

மருமகள் வந்து அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கினாள். வாங்கி, வாசலுக்கு வெளியே இருந்த குப்பைக் கூடையில் போட்டாள். நல்ல எவர்சில்வர் டம்ளர். அது உள்ளே விழுந்த சத்தம் படிக்கட்டு முழுக்கக் கேட்டது. பிறகு அடுக்களைக்குள் போய் இன்னொரு டம்ளர் எடுத்து வந்து, அவள் அங்கே நிற்பதையே பார்க்காததுபோல மாமனார் பக்கம் திரும்பி நீட்டினாள்.

"மாமா, எனக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க."

அவர் குடத்தைச் சாய்த்து ஊற்றினார். கொஞ்சம் கீழே சிந்தியது. மருமகள் அதை நின்ற இடத்திலேயே குடித்து முடித்தாள்.

அவளுக்குத் தன்மேல் இருந்த அருவருப்பு கொஞ்சமும் குறையவில்லை. குறைய வேண்டும் என்று அவள் கேட்கவும் இல்லை. அந்த இரண்டு பேரையும் அப்படியே விட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.